பொள்ளாச்சி சாலை கூடைப்பந்து மைதானம்: எண்டு லைனை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி அண்மையில் திறக்கப்பட்டுள்ள வாடகைக் கூடைப்பந்து மைதானத்தில் உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தரையிலும் விளக்கிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நீண்ட பாஸ்களைத் திசைமாற்றாதபடி மேற்குப் புறத்தில் தடுப்புத் துணி கட்டியிருப்பதைப் பார்த்தால், உரிமையாளர் ஆட்டம் தெரிந்தவர் என்றே தோன்றுகிறது. அப்படிப்பட்டவர் வளையத்துக்குப் பின்னால் களத்தின் எல்லையாக உள்ள எண்டு லைனில் மஞ்சள் குறிகளை ஏன் போடச் சொன்னார் என்பதுதான் புரியவில்லை.

இரு முனைகளிலும், வளையத்தின் கீழுள்ள வண்ணக் கட்டத்துக்கு வெளியே மூன்றடி தள்ளி, ஒரு சாண் நீளத்துக்கு அவை இருக்கின்றன. த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது, அங்கிருந்துதான் என்று ஆடுவோர் நம்புகிறார்கள். மைதானப் பொறுப்பாளரைக் கேட்டபோது, "எல்லாருமே அங்க நின்னுதானுங்க சார் போடறாங்க, நீங்களும் அங்கயே குடுத்துருங்க" என்றார்.

அது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் ஏற்பாடு. 2023-24 பருவத்திலிருந்து அங்கே முன்களத் (எதிரணி வளையம் உள்ள பாதி) த்ரோ-இன்கள் பலவற்றுக்கு இப்படி நிலையான இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பி.எஸ்.ஜி. கோப்பை உட்பட நம் பக்கத்துப் போட்டிகள் நடப்பது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதன்படி தவறு நடந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியை நடுவர் காட்ட வேண்டும். வளையம் பொருத்திய பலகையான பேக்போர்டுக்கு நேர் பின்னால் மட்டும் கூடாது. கட்டத்தின் அகலம் 4.90 மீட்டர், போர்டின் அகலம் 1.80 மீட்டர் என்பதால், கட்டத்துக்குள்ளேயே போர்டின் இரு பக்கமும் 1.55 மீட்டர் செல்லுபடியாகும் இடம் மிஞ்சுகிறது. வளையத்தடியில் தடுப்பாட்டக்காரர் ஃபௌல் செய்து, ஃப்ரீ த்ரோ கிடைக்காத நிலையில், போர்டின் ஓரத்திலிருந்து உள்ளே பாய்பவருக்கு நேராகப் பந்து கொடுக்கும் வாய்ப்பு தாக்கும் அணிக்கு உரியது. மஞ்சள் குறிக்குப் போனால் அது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் மூலைப்பக்கம் நகர்கிறது. தவறு செய்த அணிக்கே அது சலுகை.

இதைவிட வேடிக்கை, கூடை விழுந்த பிறகும் சிறுவர்கள் அந்தக் குறியைத் தேடி ஓடுவது. அப்போது எண்டு லைன் முழுவதும் அவர்களுடையது. அதன் பின்னால் எங்கு வேண்டுமானாலும் நகரலாம், தன் அணியினருக்கே பந்தை மாற்றலாம். பந்தை உள்ளே எறியக் கிடைக்கும் ஐந்து வினாடியில் இரண்டை ஓடியே கழிக்கிறார்கள்.

தெற்கு முனையில் கம்பிவேலி கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அங்கே தடுப்பவர் எறிபவரிடமிருந்து ஒரு மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதை நடுவர் ஒவ்வொரு முறையும் கையால் காட்ட வேண்டியுள்ளது. நானும் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்க முடியாமல், களத்துக்குள் நின்றே பந்தைத் தரையில் தட்டிக் கொடுத்தேன்.

உண்மையில் தேவைப்படும் குறியோ இல்லை. ஸ்கோர் குறிப்பவர்களின் டேபிளுக்கு எதிர்ப்புற சைடு லைனில், எண்டு லைனிலிருந்து 8.325 மீட்டரில் இருக்க வேண்டிய த்ரோ-இன் கோடுகளை வரைய மறந்துவிட்டார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் டைம்-அவுட்டுக்குப் பின் முன்களத்தைத் தேர்ந்தெடுக்கும் அணிக்கு நான் குத்துமதிப்பாகவே இடம் காட்டினேன்.

பயிற்சிக்குத் தாராளமாக எடுக்கலாம், காலை வாடகை கட்டுபடியாகும். போட்டி நடத்துவோர் அந்த மஞ்சள் குறிகளைக் கணக்கில் கொள்ளப்போவதில்லை என்று ஆட்டத்துக்கு முன்பே இரு பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிடுவது நல்லது.