வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா? சேலத்தில் தானாகப் படம் பழகுபவருக்கு ஓர் ஒப்பீடு

"படம் வரையப் பழகணும், வகுப்புக்குப் போக நேரம் இல்லை, எந்தக் கலர் வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பதில் வாட்டர் கலர். மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வாட்டர் கலரில் நின்றவன் நான். பகலில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு கிடைக்கிற நேரம்தான் படத்துக்கு. அதனால் ஓவியக் கல்லூரி மாணவருக்கு இந்த அலசல் உதவாது. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில், சொல்லித்தர ஆள் இல்லாமல், சேலத்து வெயிலிலும் ஏற்காட்டு மேகமூட்டத்திலும் பழகப் போகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். நிறம் தரும் பொடி மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றுதான், அதைப் பிடித்து ஒட்டவைக்கும் பொருள்தான் வேறு. வாட்டர் கலரில் அரபிக் கோந்து, அக்ரிலிக்கில் பிளாஸ்டிக் குடும்பத்துப் பாலிமர், ஆயிலில் ஆளிவிதை எண்ணெய். காய்ந்தபின் வாட்டர் கலர் கொஞ்சம் வெளிறும், அக்ரிலிக் கொஞ்சம் கறுக்கும். வாட்டர் கலருக்குக் கண்ணாடி போட்ட ஃபிரேம் வேண்டும், மற்ற இரண்டையும் அப்படியே சுவரில் மாட்டலாம். ஆரம்பச் செலவு வாட்டர் கலரில்தான் குறைவு.

ஆயிலில் என் அனுபவம் சொற்பம். நண்பர் ஒருவரின் அறையில், அவர் சாமான்களை வைத்துச் சில படங்கள் போட்டதோடு சரி. அதன் ஆழமும் மினுமினுப்பும் வேறு எதிலும் வராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயில் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாள், கனத்த பூச்சுக்கு வாரக்கணக்கு ஆகும். அதுவரை அந்தப் படத்தைக் குழந்தை கைபடாமல், தூசி ஒட்டாமல் வைக்க ஓர் இடம் வேண்டும். ஆயில் கலரை இளக்கும் டர்பன்டைன் வாடைக்குக் காற்றோட்டமான அறை வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். நம் ஊர் மே மாதத்தில் அந்த ஆபத்தைச் சமையலறைக்கு அடுத்த அறையில் வைத்துக்கொள்ள நான் தயாரில்லை. ரவிவர்மாவே வாட்டர் கலரைத் திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவிடம் பழகியவர். அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் ஆயிலைச் சொல்லித்தரத் தயங்கியதால், அவர் வரைவதைப் பார்த்துப் பார்த்தே அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய வீடும் நிறைய பொழுதும் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம்.

அடுத்து அக்ரிலிக். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் அதன் பலங்கள் உண்மையானவை. காகிதம், துணி, மரம், மண்பானை, சுவர் எதில் வேண்டுமானாலும் பிடிக்கும். காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. பிடிக்காத இடத்தின் மேல் இன்னொரு பூச்சு கொடுத்து மூடிவிடலாம். சேலத்து மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் மேடுகளை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கில் வானம், பனைமரம், நிழல் எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் டைட்டானியம் ஒயிட்டை எடுத்து மேட்டின் வெயில் பட்ட பக்கத்தை வைக்கலாம். வாட்டர் கலரில் அந்த வெள்ளை, முதல் தூரிகை படுவதற்கு முன்பே தாளில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது பெரிய கஷ்டம். பானைக்கும் பலகைக்கும் கலர் தீட்டி விற்க நினைப்பவர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு அக்ரிலிக் வாங்கப் போகலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் வாட்டர் கலர் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எடுத்து வைப்பதும் கழுவி வைப்பதும்.

சித்திரை, வைகாசி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடாமல் உட்கார முடியாது. ஃபேன் ஓடினால் தட்டில் பிதுக்கிய அக்ரிலிக் மேல் சில நிமிடத்தில் ஆறிய பாலில் ஏடு படிவது போல ஒரு தோல் படியும். தூரிகையால் குத்தினால் தோல் கிழிந்து துணுக்குத் துணுக்காகத் தாளில் ஒட்டும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். இதற்கு நடுவில் போன் அடிக்கும், குழந்தை எழுந்து அழும், கரண்ட் போகும். எழுந்து போய்விட்டு அரை மணி கழித்து வந்தால் தட்டிலிருக்கும் கலர் பிளாஸ்டிக் தகடாகிவிடும், தண்ணீரில் போடாத தூரிகையின் முடி அடிவரை இறுகியிருக்கும். அந்தத் தூரிகை அதோடு போயிற்று. தண்ணீருக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டுப் போனாலோ, முனை ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

வாட்டர் கலரில் அதே இடைஞ்சல் வந்தால் என்ன ஆகும்? தூரிகையை ஒரு குவளையில் அலசி, துணியில் ஒற்றி, படுக்க வைத்துவிட்டு எழுந்து போகலாம். கோந்து காய்ந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் இளகும் என்பதால், தட்டில் உலர்ந்த கலர் அங்கேயே காத்திருக்கும். மறுநாள் ராத்திரி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் டியூபில் உள்ளதைத் தட்டின் குழிகளில் பிதுக்கி, காயவிட்டு, மாதக்கணக்கில் அதையே பயன்படுத்துகிறேன். வீணாவது என்று எதுவும் இல்லை. மூடும்போது மட்டும் கவனம் வேண்டும்: ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் மூடினால் போதும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஆசிரியர் இல்லாதவருக்குத் தாள்தான் ஆசிரியர். எத்தனை தாள் முடித்தோம் என்பதுதான் கையைத் திருத்தும். அரை மணி நேரம் கிடைத்தால் அக்ரிலிக்கில் கலர் பிதுக்கி வைக்கவும், கடைசியில் தூரிகையைச் சோப்புப் போட்டு அலசவும், தட்டைச் சுரண்டவும் அதில் பெரும் பங்கு போய்விடும். களைத்து வந்த நாளில் அந்தக் கழுவல் வேலையை நினைத்தே உட்காராமல் தூங்கப் போய்விடுவோம். வாட்டர் கலருக்கு இரண்டு குவளைத் தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும். உட்கார்ந்துவிடுவோம். நான் முடித்த தாள்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட களைத்த ராத்திரிகளில் வந்தவைதான்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்ரிலிக்கை ஈரமாக வைக்க வழி இருக்கிறது. தட்டையான டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் கலர் வைத்து மூடினால் சில நாள் தாங்கும். ஆனால் டிஷ்யூவை மாற்றாமல் விட்டால் நாற்றம் எடுக்கும். பராமரிப்பு கொஞ்சம் குறைகிறது, தீர்ந்துவிடுவதில்லை.

வெளியே எடுத்துப் போவதிலும் இதே கணக்குத்தான். கைக்கு அடங்கும் வாட்டர் கலர் பெட்டி, ஒரு தூரிகை, தண்ணீர் பாட்டில், பலகையில் ஒட்டிய தாள், இவ்வளவுதான் சுமை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் ஏற்காடு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்தவர். பார்த்து வரைவதற்கு ஈடாக வேறு பயிற்சி இல்லை என்றே நான் நம்புகிறேன். போட்டோவில் கிடைக்காத இன்னொன்று, சுற்றி வந்து நிற்கும் ஜனங்கள். ஏரிக்கரையில் ஒரு பையன் வெகு நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, அந்த மரத்துல ஒரு கொரங்கு இருக்கு, அதை எப்போ போடுவீங்க?" என்று கேட்டான். போட்டேன், அந்தப் படத்தில் நன்றாக அமைந்தது அந்தக் குரங்குதான். இன்னொரு நாள் காப்பித் தோட்டத்து ஓரத்தில் சில்வர் ஓக்கின் அடிமரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீழ கெள வெக்காத கண்ணு. காப்பிக்கு வெயில் வேணும்னு நாங்க கழிச்சு உட்டுருவோம். மேலதான் கொண்டை இருக்கும்." அன்றிலிருந்து ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எந்தச் சில்வர் ஓக்கைப் பார்த்தாலும் கிளை கழித்த தழும்பு இருக்கும் இடத்தை என் கண் தேடிப் போகிறது. எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருப்பார்கள்?

வாட்டர் கலர் தோற்கும் இடமும் அதே மலைதான். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். கீழே வெயிலில் ஒரு வானத்தை மேலிருந்து இழுத்துக் கீழே வருவதற்குள் மேல்பகுதி காய்ந்து கோடு விழும். மேலே ஐப்பசி, கார்த்திகையில் பூசிய பூச்சு ஒரு மணி நேரம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும், அடுத்த பூச்சு கொடுக்க வழியில்லை. அந்த நாட்களில் அக்ரிலிக்தான் கெட்டிக்காரத்தனம், மறுக்க மாட்டேன். கீழே நான் செய்வது, தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து வரைவது. ஈரம் நெடுநேரம் நிற்கும். மேலே மேகமூட்டத்தில், ஈரத்தின் மேலேயே ஈரமாகப் பூசி, தூரத்து மலையைத் தானாகப் பரவ விடுவது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறம் தாளின் சொரசொரப்புக் குழிகளில் மணல் மணலாகத் தங்கும். மழைக்கு முந்தைய சேர்வராயனின் நிறம் அதில் கிடைக்கும். அக்ரிலிக்கில் இதை வரவழைக்க எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்கில் அதையே பழகியவர்களுக்கு வரலாம்.

பணம் செலவழிப்பதானால் கலரில் மிச்சம் பிடித்துத் தாளில் கொட்டுங்கள். மாணவர் தர டியூப் பெட்டி ஆரம்பத்துக்குத் தாராளம். ஆனால் டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாய்ச் சுருங்கிவிடும், தப்பு கையிலா தாளிலா என்றே தெரியாமல் போகும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் வாங்குங்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்றை வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் 8 துண்டு கிடைக்கும், பின்பக்கத்தையும் சேர்த்தால் 16 படம். கலரில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: பெட்டியிலுள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பட்டையாகத் தாளில் இழுத்து, பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் விட்டுவிடுங்கள். மலிவான சிவப்பும் ரோஸும்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும். எதை நம்பிப் பரிசாகக் கொடுக்கலாம் என்று அந்தப் பட்டையே சொல்லிவிடும்.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவருக்கு மட்டும் என் பதில் கொஞ்சம் மாறும். தை முதல் வைகாசி வரை வாட்டர் கலர், மழை மாதங்களில் அக்ரிலிக் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. வாங்கிய தாளை அங்கே சும்மா அலமாரியில் வைக்காதீர்கள். ஈரக்காற்று தாளின் மேற்பசையைக் கெடுத்துவிட்டால் மை ஒற்றும் தாள் மாதிரி கலரை உறிஞ்சும், பழுப்புப் புள்ளிகளும் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடி வையுங்கள். ஒரு மழைக்காலம் போனதும் அந்தப் பைகளை மாற்றிவிடுங்கள்.