1674: மன்ஹாட்டனா, சுரினாமா?

இங்கிலாந்து-டச்சுப் போரை முடித்த 1667 பிரேடா உடன்படிக்கையில் கைப்பற்றியது கைப்பற்றியவருக்கே என்று முடிவானது: மன்ஹாட்டன் (இன்றைய நியூயார்க்கின் மையம்) இங்கிலாந்துக்கு, தென் அமெரிக்காவின் சுரினாம் டச்சுக்காரருக்கு. 1673இல் டச்சுக் கப்பற்படை மன்ஹாட்டனை மீட்டது; மறு ஆண்டே டச்சு அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்காமல் வைத்திருந்தால்?

சுரினாமின் பலம் சர்க்கரை. வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சாறு கெடும். எனவே ஆலை தோட்டத்திலேயே இருக்கவேண்டும். சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தில் நீரைத் தேக்கி, வற்றத்தில் திறந்துவிட்டு ஆலையை ஓட்டினார்கள். கால்வாய் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். காட்டுக்குத் தப்பியவர்கள் தனிச் சமூகங்களாகி, தோட்டங்களைத் தாக்கினார்கள். லாபம் பேசுபவர்கள் இந்தச் செலவைச் சேர்ப்பதே இல்லை.

மன்ஹாட்டனுக்கு அருமையான துறைமுகம், ஹட்சன் ஆறுவழி வரும் பீவர் என்ற நீர்விலங்கின் தோல். ஆனால் 1664இல் அங்கிருந்த டச்சுக் குடியேற்றம் முழுவதிலும் சுமார் 9,000 பேர்தான், இருபுறமும் ஆங்கிலேயர். பிரான்சோடும் போர் நடக்கையில் காவலுக்குக் கப்பல் ஏது? 1689இல் டச்சுத் தலைவர் வில்லியமே இங்கிலாந்தின் அரசராகும்வரை தாக்குப்பிடித்திருந்தால் மட்டுமே நிலைத்திருக்கும். அந்தப் பதினைந்து ஆண்டுதான் சிக்கல்.