ஓபன்ஸ்டாக்ஸ் அனாட்டமி அண்ட் பிசியாலஜி: முதல் செமஸ்டரிலிருந்து ஐசியு வரை

நர்சிங் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அனாட்டமி (உடலின் அமைப்பு), பிசியாலஜிக்கு (உடல் இயங்கும் விதம்) எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் காசு எதுவும் செலவழிக்க வேண்டாம், ஓபன்ஸ்டாக்ஸ் புத்தகத்தை இறக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மாணவியாக இருந்தபோது பழகிய புத்தகம் அது. இப்போது ஐசியுவில் வேலை பார்க்கும்போதும், சந்தேகம் வந்தால் அதைத்தான் திறக்கிறேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபன்ஸ்டாக்ஸ் இதை 2013-இல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2022-இல் வந்தது. மொத்தம் 28 அத்தியாயங்கள், ஆயிரம் பக்கங்களுக்கும் மேல். இணையத்தில் முழுவதும் இலவசம், பிடிஎஃப் கோப்பாகவும் கிடைக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் மூலத்தைக் குறிப்பிட்டு அச்செடுத்துக்கொள்ளவும் பகிரவும் அனுமதி உண்டு. வேண்டிய அத்தியாயங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. முழு பிடிஎஃப்பைத் திறந்தால் விலை குறைந்த போன்கள் திணறும். போனில்தான் படிப்பேன் என்றால் அவர்களுடைய தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் படியுங்கள்.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு முதல் மாதங்கள் கஷ்டம்தான். அவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் முக்கியச் சொற்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு வரும். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் பாடத்துக்குள் போனால் பயம் பாதி குறைந்துவிடும்.

தேர்வுக்கு இது மட்டும் போதுமா என்றால், போதாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் முதல் செமஸ்டரிலேயே அனாட்டமிக்கு 60 மணி நேரம், பிசியாலஜிக்கு 60 மணி நேரம் என்று ஒதுக்குகிறது. இந்தப் புத்தகமோ அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு செமஸ்டர் நடத்துவதற்காக எழுதப்பட்டது. முழுவதையும் படிக்க உட்கார்ந்தால் நேரம் போதாது. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். எலும்பு, தசைக்கெல்லாம் படத்தை மட்டும் நம்பாமல் லேபில் எலும்பைக் கையில் பிடித்துப் பார்ப்பதே சரி. ஊசி போடும் இடங்களைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பழக்கம்தான் உதவும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொடையெலும்பின் பெரிய முண்டையும் விரலால் தொட்டு அறிந்தவருக்கு, பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு எந்தப் பக்கம் போகிறது, ஊசி ஏன் அங்கே போகக் கூடாது என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் பிசியாலஜிக்கு வந்தால் இந்தப் புத்தகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 25-ஆவது அத்தியாயமான சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மாணவியாக மனப்பாடம் செய்த எண்கள் இவை. வார்டில் யூரோமீட்டரை (சிறுநீரை அளக்கும் பை) மணிக்கொரு தரம் பார்த்து எழுதும்போதுதான் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காரணம் வேலை செய்கிறது. ரத்த இழப்பு தொடங்கியதும் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து, பிபியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் அதற்குள்ளேயே குறைந்துவிடும். அதனால் 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் போனால், மானிட்டரில் பிபி 110 என்று காட்டினாலும் நான் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

22-ஆவது அத்தியாயத்தில் ஆக்சிஜனும் ஹீமோகுளோபினும் சேரும் வளைவு வருகிறது. தேர்வுக்காக வரைந்து பார்த்து மறந்துபோகும் படம் என்று நினைக்க வேண்டாம். செறிவு, அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பியிருக்கும் சதவீதம், 98-இலிருந்து 90-க்கு இறங்குவதற்குள், ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசத்திலிருந்து 60-க்கு வந்துவிடுகிறது. வளைவின் மேல்பகுதி தட்டையாக இருப்பதால் விரலில் மாட்டிய கருவியில் அது பெரிதாகத் தெரியாது. அதற்குக் கீழே சரிவு செங்குத்து. அழுத்தம் 40-க்கு வந்தால் செறிவு 75. 'தொண்ணூறு இருக்கே அக்கா' என்று ஜூனியர் சொல்லும்போது நான் அந்த வளைவைத்தான் ஒரு தாளில் போட்டுக் காட்டுவேன். சுவாசத்தைப் படிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வலது மெயின் பிராங்கஸ் (மூச்சுக்குழாயிலிருந்து வலது நுரையீரலுக்குப் பிரியும் கிளை) இடதைவிட அகலம், குட்டை, அதிகம் நேராக இறங்குவது. ஈடி டியூப் (செயற்கைச் சுவாசத்துக்காக மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாய்) ஆழமாகப் போய்விட்டால் அது ஏன் வலது பக்கமே போகிறது, இடது நெஞ்சில் ஏர் என்ட்ரி (காற்று உள்ளே போவது) ஏன் குறைகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

26-ஆவது அத்தியாயம் திரவம், உப்புகள், அமில-கார சமநிலை பற்றியது. எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது; ரத்தத்தில் நாம் அளப்பது மிச்சமிருக்கும் கொஞ்சத்தைத்தான். இது புரிந்துவிட்டால், பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) ஏன் தருகிறார்கள் என்பது புரியும். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறதே தவிர, உடலைவிட்டு வெளியேற்றவில்லை. எனவே சில மணி நேரத்தில் மறுபடி ஏறலாம், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை ஏறி கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் குறைவால் ரத்தத்தில் அமிலம் கூடும் நிலை) வருபவருக்கு ஆரம்பத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, இன்சுலின் ஓடத் தொடங்கியதும் சரசரவென இறங்குவதும் இதே கணக்குதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பொதுவான கல்லூரிப் பாடநூல். நர்சிங் கேர் பிளான், ப்ரொசீஜர் எல்லாம் இதில் தேடாதீர்கள், அதற்கு நர்சிங் ஃபண்டமென்டல்ஸ் (அடிப்படை நர்சிங்) புத்தகம் தனியாக வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: இதயம், ரத்தக் குழாய், சுவாசம், சிறுநீரகம், திரவச் சமநிலை, அதாவது 19, 20, 22, 25, 26 ஆகிய அத்தியாயங்களை முதலில் அச்செடுங்கள். சீனியர் அக்காக்களிடம் 2013 பதிப்பின் பிரதி இருந்தால் அதையும் தாராளமாக வாங்கிப் படிக்கலாம்; இந்த அத்தியாய எண்கள் இரண்டு பதிப்பிலும் ஒன்றுதான்.