திறந்து கிடக்கும் கிடங்கும் கையிருப்புதான்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதாவது ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும். வேலையை இரண்டு விதமாகக் கொண்டுபோகலாம்.

ஒன்று நமக்குப் பழகியது. குழாய் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கி மதிலோரம் அடுக்குவது, பேக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கிடைத்த அன்று முடிந்த மட்டும் வெட்டித் தள்ளுவது. மற்றது லீன் முறை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன ஏழு விரயங்களை (தேவைக்கு மேல் செய்வது, கையிருப்பு, காத்திருப்பு போன்றவை) நிர்மாண வேலைக்குப் பொருத்திப் பார்ப்பது. அன்றைக்குப் பதித்து மூடக்கூடிய நீளத்தைத்தான் வெட்டுவார்கள், அதற்கு வேண்டிய குழாய்தான் சைட்டுக்கு வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். பேக்கோ நாளுக்கு 60 மீட்டர் வெட்டுகிறது. பதிக்கும் குழு 42 மீட்டர்தான் போடுகிறது, அதாவது 6 மீட்டர்க் குழாய் ஏழு. ஐந்து நாளில் 90 மீட்டர் கிடங்கு, அதாவது குழாய் போடாத பள்ளம், வெறுமனே திறந்து கிடக்கும். விற்காத சரக்கைப் போல இதுவும் கையிருப்புதான். முன்னேற்ற அறிக்கையில் 300 மீட்டர் வெட்டியாயிற்று என்று அழகாக இருக்கும். ஒக்டோபர் மாதத்துப் பின்னேர மழை ஒன்று அடித்தால் கரை சரியும், மோட்டார் வைத்து இறைக்க வேண்டும், அதே மண்ணை இரண்டாம் தரம் அள்ள வேண்டும். அந்தக் கூலிக்கு பில்லில் இடமில்லை.

லீன் முறையில் பேக்கோவும் 42 மீட்டரோடு நிற்கும், மிச்ச நேரம் பின்னால் போய் மண் மூடும். வாடகை கொடுக்கிற முதலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும். இன்னொரு சிக்கலும் உண்டு. கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனை முடியும்வரை மூட்டுகளை மூடக்கூடாது என்று ஒப்பந்தம் சொன்னால், சிறுசிறு பகுதியாகச் சோதிக்க வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் முனையை அடைத்து முட்டுக் கொடுக்கிற செலவு இருக்கிறது.

குழாய் விஷயத்தில் நான் பழைய முறைப் பக்கம் பாதி சாய்வேன். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி திணறியதைப் பார்த்தவர்களிடம் 'தேவைப்படும்போது வரவழை' என்று சொன்னால் சிரிப்பார்கள். கப்பலில் வருவதை முன்கூட்டியே எடுத்து நகருக்கு வெளியே யார்டில் வைக்கட்டும். யார்டிலிருந்து ஒழுங்கைக்கு மட்டும் அன்றன்றைக்கு வரட்டும். வால்வும் வளைவுத் துண்டும் அப்படித்தான்.

திட்டமிடலில் எனக்குத் தயக்கமில்லை. அலுவலகச் சுவரில் தொங்கும் பட்டை அட்டவணை, வேலை எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும். தொடங்க முடியுமா என்று கேட்காது. கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' என்ற திட்டமிடல் முறை அதைத்தான் கேட்கிறது: வீதி வெட்ட அனுமதி வந்ததா? சோதனைக் குழி தோண்டிப் பார்த்தாயிற்றா? கொழும்பில் நிலத்துக்குக் கீழே பழைய வார்ப்பிரும்புக் குழாய், தொலைபேசிக் கேபிள் எல்லாம் வரைபடத்தில் காட்டிய இடத்திலேயே இருக்கும் என்று நம்பி இறங்கியவர்கள் பட்டுத்தான் தெளிந்தார்கள். தடை நீங்காத வேலை அந்த வார வாக்குறுதியில் சேராது. வாரக் கடைசியில் சொன்னதில் எத்தனை வீதம் முடிந்தது என்று எண்ணி, முடியாததற்குக் காரணத்தை எழுதுவார்கள். பேக்கோ ஓட்டுநரையும் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். செலவு ஒரு பிளேன்ரீதான்.

இத்தனையும் தெரிந்தும் மதிலோரம் ஏன் குழாய் குவிகிறது? பல ஒப்பந்தங்களில் சைட்டுக்கு வந்த பொருளுக்கே ஒரு பங்கு பணம் கிடைக்கிறது. யார்டில் கிடப்பதற்கும் அந்தப் பணம் கிடைக்குமா என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே பேசி முடிக்க வேண்டும்.