ஜேடேக் ரீசெட்: டிஆர்எஸ்டி பின்னா, ஐந்து துடிப்பா, யூஎஸ்பி ரீசெட்டா?

ஜேடேக்கில் (சிப்பைச் சோதிக்கவும் டீபக் செய்யவும் உள்ள இணைப்பு) ரீசெட் கொடுத்தால் ஒரு தடவை ஐடிகோடு, அதாவது சிப்பின் அடையாள எண், ஒழுங்காக வரும், அடுத்த தடவை ஒரு பிட் தள்ளிப்போய்க் குப்பையாக வரும் (ஐடிகோடின் மிகக் கீழ் மதிப்புள்ள பிட் எப்போதும் 1, அது 0 என்று வந்தாலே சந்தேகப்படலாம்). கேபிளைத் திட்டுவதற்கு முன், கணினியிலிருந்து அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பாருங்கள். சிப் எந்த நிலையில் இருக்கிறது என்று டிரைவர் நினைப்பது ஒன்று, சிப் உண்மையில் இருப்பது வேறு.

பலரும் முதலில் போவது டிஆர்எஸ்டி பின்னுக்கு, அதாவது ஜேடேக் பகுதியை மட்டும் ரீசெட் செய்யும் தனிக் கம்பிக்கு. வேகமானது, கிளாக் வேண்டாம். ஆனால் ஜேடேக்கை வரையறுக்கும் ஐஈஈஈ 1149.1 தரத்தில் அது கட்டாயமில்லை, நிறைய போர்டுகளில் அந்தக் கம்பியே கிடையாது. எஃப்டிடிஐ சிப் வைத்த யூஎஸ்பி-ஜேடேக் அடாப்டர்களில் இன்னொரு வம்பு: பின்னை இழுக்கும் கட்டளை பஃபரில் காத்திருக்க, டிரைவர் அதை அனுப்பாமலேயே ஸ்லீப் போட்டுவிடும். தாமதம் கணினியில் ஓடி முடியும், பின் அசைந்தே இருக்காது. பஃபரை ஃப்ளஷ் செய்துவிட்டு (உள்ளதையெல்லாம் அனுப்பிவிட்டு)த்தான் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, டிஎம்எஸ்ஸை (நிலையைத் தேர்ந்தெடுக்கும் கம்பி) 1-இல் வைத்து டிசிகேவில் (கிளாக் கம்பி) ஐந்து துடிப்பு. சிப்பின் ஜேடேக் பகுதிக்கு மொத்தம் 16 நிலைகள், ஒவ்வொரு துடிப்பிலும் டிஎம்எஸ்ஸைப் பார்த்து அடுத்த நிலைக்குப் போகும். ஷிஃப்ட்-ஐஆர் என்ற நிலையில் மாட்டியிருந்தாலும் எக்சிட்1, அப்டேட், செலக்ட்-டிஆர், செலக்ட்-ஐஆர், அப்புறம் ரீசெட், சரியாக ஐந்து. என் ஓட்டு இதற்குத்தான், எந்த போர்டிலும் வேலை செய்யும். ஆனால் இதையும் கெடுக்க முடியும். நான் பார்த்த ஒரு டிரைவர் "ஏற்கெனவே ரீசெட்டில்தானே இருக்கிறோம்" என்று தன் மாறியை மட்டும் பார்த்துத் திரும்பிவிடும். லாஜிக் அனலைசரில் டிசிகே கோடு நேராகக் கிடக்கிறது, ஒரு துடிப்புகூட இல்லை! அந்த இஃப் வரியைத் தூக்கினேன், பிரச்சினை போனது. ஐந்து துடிப்பை மிச்சம்பிடித்து யாருக்கு என்ன லாபம்?

யூஎஸ்பி ரீசெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது அடாப்டரைத்தான் சுத்தப்படுத்தும், சிப்பை இல்லை. எம்பிஎஸ்எஸ்ஈ (எஃப்டிடிஐ சிப்பில் ஜேடேக் கம்பிகளை இயக்கும் பகுதி) கட்டளை வரிசை குழம்பிக் கிடந்தால் உதவும்: 170 என்ற தவறான பைட்டை அனுப்பி, 250, 170 என்று பதில் வருகிறதா பார்த்தால் ஒத்திசைவு தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த ஐந்து துடிப்பு வேண்டும்.

டிஆர்எஸ்டி இருக்கும் போர்டா? அதையும் இழுங்கள், விடுங்கள், பிறகு துடிப்பு, கடைசியில்தான் டிரைவரின் நிலை மாறியில் ரீசெட் என்று எழுதுங்கள். எஸ்ஆர்எஸ்டியை (முழு சிப்பையும் ரீசெட் செய்யும் கம்பி) இதில் கலக்க வேண்டாம். சில சிப்களில் அதைப் பிடித்திருக்கும் வரை ஜேடேக்கே பேசாது.