குமாசி மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகம்: காசு கொடுத்த பிறகே அரசர் குடியேறிய வீடு

நான் தங்க வேலை செய்கிறவன். லண்டன் அருங்காட்சியகங்களில் இருந்த அசாந்தித் தங்கம், அதாவது கானாவின் அசாந்தி அரசர்களுடைய தங்கப் பொருள்கள், அவர்கள் தலைநகரான குமாசிக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, 2024இல் கானா போயிருந்தபோது ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கினேன். அக்ராவிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். போனது தங்கத்தைப் பார்க்க. ஆனால் இன்னும் மனதை விட்டுப் போகாதது அந்த வீடு.

அரண்மனை என்றதும் மதிலும் கோபுரமும் எதிர்பார்க்காதீர்கள். மாடியும் தாழ்வாரமும் உள்ள ஒரு வீடு, அவ்வளவுதான். வழிகாட்டி அறை அறையாக அழைத்துப் போகிறார். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது நல்லதுதான், எங்கள் குழுவில் எல்லோரும் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அசாந்தி அரசர் முதலாம் பிரெம்பேயின் மெழுகுச் சிலை முன்னால் வெகுநேரம் நின்றேன். 1888இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட இல்லை. ஆங்கிலேயரின் 'பாதுகாப்பு' வேண்டாம் என்று மறுத்தார். 1896 ஜனவரியில் அவர்கள் படையோடு குமாசிக்குள் வந்தார்கள். தன் மக்கள் சாகக் கூடாது என்று அரசர் சண்டையைத் தவிர்த்தார். அவரையும் தாய் யா அச்சியாவையும் எல்லோர் முன்னாலும் கவர்னரின் காலைப் பிடிக்க வைத்தார்கள். அதோடு விட்டார்களா? 50,000 அவுன்ஸ் தங்கம் கேட்டார்கள். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்றரை டன்னுக்கு மேல்! அதை உடனே எடுத்து வைக்க முடியாது என்றதும் கைது. எல்மினா கோட்டை, பிறகு சியரா லியோன், 1900இல் சீஷெல்ஸ் தீவுகள். அதே ஆண்டு அசாந்திகள் புனிதமாகப் போற்றும் தங்க ஆசனத்தையும் கொடு என்று கவர்னர் கேட்கப்போய், எஜிசு என்ற ஊரின் அரசித்தாய் யா அசாந்தேவா போருக்குக் கிளம்பினார். அவரையும் சீஷெல்ஸுக்குத்தான் அனுப்பினார்கள். அங்கேயே 1921இல் இறந்தார். பிரெம்பேயின் தாயும் ஊர் திரும்பவில்லை.

1924இல், 28 வருடம் கழித்து, பிரெம்பேயைச் சாதாரணக் குடிமகன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1926இல் குமாசிக்கு மட்டும் தலைவர் என்ற பட்டம் தந்தார்கள். அவருக்காக 1925இல் ஆங்கிலேயர் கட்டியதுதான் இந்த வீடு. சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று, அசாந்தி மக்கள் அதற்கான பணத்தைக் கட்டிய பிறகே அவர் உள்ளே காலடி வைத்தாராம். வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் நின்றிருந்த தரையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். 1931இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தது இங்கேதான்.

சரி, தங்கத்துக்கு வருகிறேன். அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் பணியாளர்கள் கழுத்தில் அணியும் வட்டப் பதக்கம் ஒன்று. கனமான வார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் தங்கத்தை ஊற்றுகிற முறை அசாந்திகளுக்குக் கைவந்த கலை. கோடுகளில் ஒன்றாவது சரிந்திருக்கிறதா என்று தேடினேன்; என் கண்ணுக்குப் படவில்லை. இப்படி ஒரு வட்டத்தை என்னிடம் கேட்டால் எத்தனை தடவை உருக்கி ஊற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்தபடியே நின்றேன்.

ஆனால் பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியமும் தந்த அந்த 32 பொருள்களும் மூன்று வருட இரவலில் வந்தவை. இந்த வீட்டுக்குள் நின்று அதைக் கேட்பது வேதனையாக இருந்தது. கலிபோர்னியாவின் ஃபவுலர் மியூசியம் 2024 பிப்ரவரியில் 7 பொருள்களை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்தது. மற்றவர்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

தங்க ஆசனம் இங்கே இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், அதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. குமாசி பக்கம் போனால் காலையிலேயே போய்விடுங்கள், பிரெம்பே இருந்த அறைகளில் அவசரப்படாமல் நிற்கலாம்.