பெல்ட் கார்டைக் கழற்ற ஆக்சிலைத் தொட வேண்டுமா? மூன்று வழிகள், ஓர் அலசல்

செயினுக்குப் பதிலாகப் பல் பெல்ட்டில் ஓடும் பைக் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் பெல்ட்டின் மேலே மூடியிருக்கும் அந்தக் கார்டைக் கழற்ற வேண்டி வரும். விரிசல் விட்டிருக்கும், பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும், பெல்ட்டின் பற்களை முழுசாகப் பார்க்கத் தோன்றும். எட்டிப் பார்த்தால் இரண்டு போல்ட், மிஞ்சினால் மூன்று. பத்து நிமிட வேலை என்றுதான் எல்லோரும் உட்காருகிறோம். போல்ட்டையெல்லாம் எடுத்த பிறகுதான் சிக்கல் தெரியும். கார்டு ஆடும், ஆனால் வெளியே வராது. முன்முனை, பெல்ட் சுற்றி ஓடும் பல் சக்கரமான புல்லியின் மூடிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், பின்முனை ஷாக் அப்சார்பரில் இடிக்கும், நடுவில் மட்கார்டு இறங்கி நிற்கும்.

இந்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். வண்டியை சைடு ஸ்டாண்டில் வைத்தபடியே கார்டைத் திருகி, சாய்த்து உருவிவிடலாம் என்பது ஒன்று. பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்க விட்டுவிட்டு எடுப்பது இன்னொன்று. பின்சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, பெல்ட்டையே கழற்றிவிட்டு நிதானமாக எடுப்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கார்டுக்காக மட்டும் ஆக்சிலைத் தொடாதீர்கள். தூக்கி வைத்துச் செய்யும் இரண்டாவது வழிதான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி பூட்டில் இருக்கக் கூடாது, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருந்தால் கையால்தான் சுற்ற வேண்டும், அப்போது இன்னொரு கை பெல்ட்டின் பக்கமே போகக் கூடாது. பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடத்தில் விரல் மாட்டினால் அது திரும்பி முழுசாக வராது. கையால் மெதுவாகச் சுற்றும்போதுகூட அந்த ஆபத்து உண்டு. கார்டு என்ற ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

சரி, முதல் வழி. இதில் ஜாக்கி வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். பின் மட்கார்டு உயரமாக இருந்து, சைலன்சர் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும் வண்டியில் இது நன்றாகவே நடக்கும். பெரிய ஹார்லி டேவிட்சன்களில் பெல்ட் இடப்புறம், ஆனால் அதே கம்பெனியின் சிறிய மாடலான ஸ்போர்ட்ஸ்டர் 1990களில் செயினிலிருந்து பெல்ட்டுக்கு முழுசாக மாறியபோதும் பழைய செயின் இருந்த வலப்புறத்திலேயே பெல்ட் தங்கிவிட்டது. சைலன்சர்களும் அதே பக்கம். அதனால் ஒருவர் தன் வண்டியில் ஐந்து நிமிடத்தில் எடுத்தேன் என்று சொல்வது உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது வண்டியின் கனம் சஸ்பென்ஷனை அமுக்கி வைத்திருக்கும். கார்டு, பின்சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்தது, மட்கார்டு பிரேமோடு சேர்ந்தது. சஸ்பென்ஷன் அமுங்கினால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து குறுகிவிடும். அந்தச் சந்துக்குள் பிளாஸ்டிக் கார்டை வளைத்து இழுக்கும்போது அது போல்ட் ஓட்டையின் ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும். மயிரிழை போல வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அன்றைக்கு உடையாது. மாட்டி ஓட்டும்போது அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். குரோம் பூசிய உலோகக் கார்டு என்றால் உடையாது, ஆனால் ஸ்விங் ஆர்மின் பெயின்ட்டைக் கீறிவிட்டுத்தான் வெளியே வரும். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

இரண்டாவது வழியில் இந்தச் சந்து திறந்துகொள்கிறது. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஸ்விங் ஆர்ம் கீழே இறங்கும், கார்டும் அதோடு இறங்கும், மட்கார்டு மேலேயே நின்றுவிடும். சில விரல் அளவு இடம் கூடுதலாகக் கிடைத்தாலே போதும், முன்முனையை முதலில் விடுவித்துப் பின்பக்கமாக உருவினால் கார்டு தானாக வந்துவிடுகிறது. எதையும் வளைக்க வேண்டியதில்லை.

இதற்கான விலை, தூக்கும் வேலை. இந்த வண்டிகள் பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல்தான், பெரிய டூரிங் வண்டி 350 கிலோவையும் தாண்டும். ஜாக்கியை இன்ஜினின் ஆயில் பான் மேலோ சைலன்சர் குழாய் மேலோ வைத்துத் தூக்கக் கூடாது, பிரேமின் கீழ்க்குழாய்கள் இரண்டும் சமமாக உட்காரும்படி வைக்க வேண்டும். நடுவில் ஒரு மரப்பலகை. முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி முன்னே பின்னே உருளாது. ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு பக்கமும் பட்டை கட்டி இழுத்து நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் பக்கத்தில் ஒருவர் நின்று பிடிக்க வேண்டும். தனியாக இருக்கும் நாளில் இதைத் தொடவே வேண்டாம், முதல் வழியில் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது பெல்ட் வழக்கத்தை விட இறுக்கமாகவோ தளர்வாகவோ தெரியலாம். முன் புல்லியின் நடுப்புள்ளியும் ஸ்விங் ஆர்ம் திரும்பும் புள்ளியும் ஒரே இடத்தில் இல்லாததால், ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கும்போது இரண்டு புல்லிகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு பெல்ட் லூசாகிவிட்டது என்று முடிவு கட்டி இறுக்கப் போகாதீர்கள். இறுக்கத்தை எந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்று அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும், அந்த நிலையில் மட்டும் அளக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். நான் முதன்முதலில் செய்தது இதுதான். கார்டு சுலபமாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மாட்டி ஓட்டியபோது மெதுவான வேகத்தில் குருவி கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம். சில நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பின் புல்லியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருந்தது. விரலால் துடைத்தால் மை போல ஒட்டியது. பெல்ட்டின் ஓரம் விளிம்பில் உரசி உரசி வந்த தூள் அது. ஆக்சிலை முன்னே பின்னே நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டர்களிலும் அது சமமாக உட்காரவில்லை, சக்கரம் கண்ணுக்குத் தெரியாத அளவு கோணலாக நின்றிருந்தது. செயினாக இருந்தால் இந்தக் கோணலைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டு ஓடும். அகலமான பல் பெல்ட் அப்படியில்லை, ஒரு பக்கமாக நகர்ந்து போய் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆக்சிலைத் தளர்த்தினால் திரும்ப என்னென்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் திரும்பும் புள்ளியிலிருந்து ஆக்சிலின் நடுப்புள்ளி வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்க வேண்டும். பெல்ட் சூடாக இல்லாதபோது, கீழ்ப்பக்கத்தின் நடுவில் மேனுவல் சொல்லும் விசையில், ஹார்லியில் வழக்கமாக 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ, மேலே தள்ளி எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். ஆக்சில் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு மேல், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டியிருக்கும். பெல்ட்டைக் கழற்றியிருந்தால் அதை இறுக்கமாக மடக்கியோ பின்பக்கமாக வளைத்தோ வைத்திருக்கக் கூடாது, உள்ளே ஓடும் இழைகள் முறிந்தால் வெளியில் தெரியாது. இரண்டு போல்ட் வேலைக்காக இவ்வளவும். பெல்ட்டை மாற்றவோ டயர் மாற்றவோ ஏற்கனவே சக்கரம் வெளியே வரப்போகிறது என்றால் இந்த வழி சரி, அப்போது கார்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். வேறு காரணத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி அந்த போல்ட்டுகள். மூன்று வழியிலும் இவைதான் ஆளைத் தடுத்து நிறுத்தும். ரோட்டுத் தண்ணீரும் மண்ணும் நேராக அடிக்கும் இடம், துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அமெரிக்க வண்டிகளில் பல போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். 3/16 அங்குல ஆலன் கீ கேட்கும் அறுகோணக் குழி 4.76 மில்லிமீட்டர். கையில் இருக்கும் 5 மில்லிமீட்டர் கீ அதில் நுழையாது, 4.5 நுழைந்து சுற்றி மூலைகளை மழுக்கிவிடும். நட்சத்திரத் தலை டார்க்ஸ் போல்ட்டிலும் இதே கதைதான். டி27 கேட்கும் இடத்தில் டி25 போட்டால் உட்கார்ந்தது போலத் தெரியும், பலம் கொடுத்ததும் பற்கள் போய்விடும். முதலில் ஓட்டைக்குள் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, கீ முழு ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள்.

இறுகிப்போன போல்ட்டுக்கு மூன்று வைத்தியம் உண்டு: துரு இளக்கும் எண்ணெய், சூடு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். நான் எண்ணெயோடு காத்திருப்பவன். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் வந்தால் பாதி போல்ட்டுகள் தானாக வழிக்கு வரும். ஆனால் ஸ்ப்ரேயை அப்படியே அடிக்காதீர்கள். பெல்ட்டிலும் பிரேக் டிஸ்க்கிலும் எண்ணெய் படக் கூடாது, இரண்டையும் துணியால் சுற்றி மூடிவிட்டு, குச்சியில் தொட்டு ஒரு சொட்டு வைத்தால் போதும். போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசையான லாக்டைட் போட்டிருந்தால் எண்ணெய் உதவாது, சூடுதான் இளக்கும். பிளாஸ்டிக் கார்டுக்குப் பக்கத்தில் நெருப்பு காட்டுவதை விட, சால்டரிங் அயர்னின் முனையைப் போல்ட் தலையில் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது நல்ல வழி. சூடு பெரும்பாலும் போல்ட்டுக்குள்தான் போகும். இம்பாக்ட் டிரைவர் கடைசி ஆயுதம். ஸ்விங் ஆர்மின் மரை போய்விட்டால் கார்டு பிரச்சினை ஸ்விங் ஆர்ம் பிரச்சினையாகிவிடும்.

கழற்றும்போது போல்ட் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன உலோகக் குழல் கீழே விழும். ரொம்பப் பேர் அதைக் கவனிப்பதில்லை. போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்குவது அந்தக் குழல்தான், அது இல்லாமல் இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கி விரியும். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கழற்றியதும் கார்டு இல்லாமலே ஓட்டினால் என்ன, பார்க்க அழகாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் இரண்டு யோசனை இல்லை. பின்னால் உட்காருபவரின் தொங்கும் துணி, குழந்தையின் கை, ஷூ லேஸ் எல்லாம் பெல்ட் புல்லிக்குள் போகும் அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கல் விழுந்தாலும் பெல்ட்டுக்குக் கேடு. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே நசுங்கும் கூழாங்கல் பெல்ட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரலாம். மெலிதாக வேண்டுமானால் அளவில் சிறிய கார்டு வாங்கி மாட்டலாம், வெறுமனே விடுவது எனக்குச் சம்மதமில்லை.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பிறகே இறுக்குங்கள். எம்6 அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. அப்புறம் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, காதை அருகே வைத்துக் கேளுங்கள். கார்டின் உள்பக்கம் எங்காவது பெல்ட்டைத் தொட்டால் சர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, ஒருவரை உட்கார வைத்து, மட்கார்டில் இடிக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.